மூன்றாம் திரையில் ஆறாம் தொட்டி

நாற்பத்தியொரு நிமிடம். இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் நம்பர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது அவ்வளவு நேரம். வழிந்த தண்ணீர் கீழ்த்தெரு அச்சகத்தின் காகிதக் கிடங்கில் முழங்கால் அளவுக்கு நின்றது. அதே நேரம் மூன்றாம் தொட்டி காய்ந்து கிடந்தது. அதன் பம்பை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவர் பம்ப் அக்கா.

அவருக்கு வேறு பெயர் உண்டு. நீரேற்று நிலையத்தில் யாருக்கும் அது நினைவில்லை. வடிகட்டித் தொட்டியில் பாசி சுரண்டும் வேலைக்கு வந்தவர். பத்தொன்பது வருடத்தில் சுரண்டலிலிருந்து வால்வுக்கும், வால்விலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கும் ஏறினார். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார மாட்டார். "நான் பாக்குற வேலைக்கு நாற்காலி ஓடக்கூடாது" என்று சொல்லி ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைக்கூட அறைக்கு வெளியே போய்த்தான் திறப்பார்.

அறையில் மேசை மேல் ஆறு திரைகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி; நீல நிறத்தில் ஏறி இறங்கும், தொட்டி நிரம்பினால் சிவக்கும் ஒரு பட்டை. தொட்டியின் எண் மூலையில் எறும்பு அளவில் இருக்கும், எழுந்து போய்க் குனிந்தால்தான் தெரியும். அதனால் அக்கா ஒவ்வொரு திரையின் சட்டத்திலும் காகித டேப் ஒட்டி, ஒன்று முதல் ஆறு வரை மார்க்கரில் பெரிதாக எழுதிவைத்திருந்தார். பம்பை நிறுத்தும் பட்டன்கள் கீழே தனிப் பலகையில். டேப்பைப் பார், பட்டனை அழுத்து. நாலு வருடம் அப்படித்தான் ஓடியது.

அன்று மூன்று என்று எழுதிய திரையில் பட்டை சிவந்தது. மூன்றாம் பட்டனை அழுத்தினார். பம்பை நிறுத்தினாலும் சிவப்பு அடங்க எப்போதும் முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் அவர் செய்தது.

மறுநாளே மெமோ வந்தது. 'கவனக்குறைவு. வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தருக.'

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். மெமோவை மெஷின் பலகையில் விரித்து இரண்டு தடவை படித்தார்.

"தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வா. தலையா போயிடும்?"

"வேலை போனாலும் பரவால்ல. நான் மூணத்தான் பாத்தேன்."

"மூணு சிவப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஆனா நிரம்புனது ஆறு."

"ஆமா."

"அப்போ ஒண்ணு உன் கண்ணு பொய் சொல்லியிருக்கணும், இல்ல அந்தப் பொட்டி பொய் சொல்லியிருக்கணும். உன் கண்ண எனக்குத் தெரியும். பொத்தான் அரை இஞ்சு தள்ளித் தச்சாலே என் மானத்த வாங்குறவ நீ."

அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். சிவப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போய் வந்தது. கணினிக்கு பேட்டரி இருந்தது, அணையவில்லை. திரைகள் அணைந்து மறுபடி எழுந்தன. மூன்றாம் திரை மட்டும் எப்போதும் போலக் கடைசியில் எழுந்தது. அதற்கு அவர் வைத்த பெயரே தூங்குமூஞ்சி. எல்லாம் கண் திறந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் அது கொட்டாவி விடும்.

அடுத்த நாள் கணினி பழுது பார்ப்பவரைப் பிடித்தார். சத்தமில்லாமல் வந்து போவதால் அவரை எல்லோரும் மவுஸ் என்பார்கள்.

"மவுஸ், இந்தக் கம்ப்யூட்டருக்கு எது எந்தத் திரைன்னு எப்படித் தெரியும்?"

"ஒயர் மாட்டுனதும் திரையே சொல்லிடும்க்கா. என் கம்பெனி இது, மாடல் இது, என் நம்பர் இதுன்னு. அத வச்சு ஞாபகம் வச்சுக்கும்."

"இந்த ஆறும் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லேன்."

மவுஸ் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"அக்கா, ஆறும் ஒரே நம்பரச் சொல்லுது. மலிவா மொத்தமா எடுத்த சரக்கு. செஞ்சவன் தனித்தனியா நம்பர் போடவே இல்ல."

"பிரசவ வார்டுல ஆறு குழந்தைக்கும் ஒரே சீட்டக் கட்டுன மாதிரியா?"

"அதேதான். அடையாளம் தெரியலைன்னா இந்த சாப்ட்வேர் யார் முதல்ல வந்தாங்கன்னு பாத்து ஒண்ணு, ரெண்டுன்னு பேர் வச்சிடும். கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டா வரிசை மறுபடி சரியாயிடும், அதான் இத்தன நாள் யாரும் கண்டுக்கல."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குழாயடி வரிசையில் ஒருத்தி நகர்ந்தால் பின்னால் நிற்பவர்கள் ஒவ்வோர் அடி முன்னால் வருவார்கள். நகர்ந்தவள் கடைசிக்குப் போவாள். கூடவே இன்னொன்றும் புரிந்தது, அது சுருக்கென்றது. டேப்பை ஒட்டியது அவர்தான். சட்டத்துக்குப் பெயர் வைத்தார். சட்டத்துக்குள் வரும் படம் கணினி வைத்த பெயரைக் கேட்டு வருகிறது. இரண்டு பெயரையும் நாலு வருடமாக யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் பாதி உண்மை. அன்று முழுக்க அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழித்துவிடக் கை போனது, கிழிக்கவில்லை.

ஏழாம் நாள் பொறியாளர் கட்டுப்பாட்டு அறைக்கே வந்து விசாரித்தார்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா. மனுஷங்கதான் பண்ணுவாங்க."

"சரி சார். ஒரே ஒரு தடவ திரை பிளக்க மட்டும் புடுங்கி மாட்டட்டுமா?"

மாட்டினார். தூங்குமூஞ்சி கடைசியில் எழுந்தது. அக்கா வரச்சொல்லியிருந்த மவுஸ், திரைகளை அடையாளம் காட்டச் சொல்லும் பட்டனை அழுத்தினார். ஒவ்வொரு திரையிலும் கணினி அதற்கு வைத்த எண் பெரிதாக வந்தது. டேப் சொன்னது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. திரை சொன்னது ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, நான்கு, ஐந்து.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எண்கள் மாறவில்லை.

"இந்த டேப்ப ஒட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ தப்பு உங்களோடதுதானே?"

"டேப் என்னோடது. இல்லேங்கல. தொட்டி நம்பரக் கண்ணுக்குத் தெரியாத அளவுல போட்டது நான் இல்ல. நம்பரே இல்லாத திரைய வாங்குனதும் நான் இல்ல. என் பங்க நான் எழுதித் தரேன். மத்தவங்க பங்கையும் யாராவது எழுதணும்ல?"

பொறியாளர் ஒரு டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மவுஸிடம் கேட்டார். "இத எப்படிப்பா சரி பண்றது?"

"திரை சொல்றத நம்பாம, கம்ப்யூட்டர் பின்னாடி எந்தத் துளையில எந்த ஒயர் இருக்குன்னு பாத்துப் பேர் வைக்கச் சொல்லலாம் சார். தொட்டி நம்பரையும் படத்துலயே பெருசாப் போட்டுடலாம்."

அதே வாரம் இரண்டும் நடந்தன. மெமோ திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அக்கா நகரவில்லை.

"இந்தத் திரைங்க வந்து நாலு வருஷம் ஆச்சு சார். கரண்ட் நேத்துதான் புதுசாப் போச்சா? இதுக்கு முன்னாடி இந்த ரூம்ல கவனக்குறைவுன்னு யார் யார வீட்டுக்கு அனுப்புனீங்க?"

பொறியாளர் பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். மேசையில் வைத்து, ஒவ்வொருவர் மேலும் புகார் வந்த தேதியையும் மின்தடைப் பதிவேட்டையும் அக்காவே ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

பொருந்தியவர்கள்: மூன்று பேர்.