நாலாம் மாடியின் மட்டம்

கதவு திறந்ததும் அவர் பார்ப்பது கீழேதான். மண்டியிட்டு, லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் குறுக்கே ஓர் இரும்பு ஸ்கேலைப் படுக்க வைப்பார். கன்னம் தரையில் பட, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஸ்கேல் ஆடினால் மட்டம் சரியில்லை. ஆடாவிட்டால் "ஸ்தோத்திரம்" என்று ஒரு சொல். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து அடுத்த மாடிக்குப் பொத்தானை அழுத்துவார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், தரைத்தளத்தையும் சேர்த்தால், எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில் ஏழு ஸ்தோத்திரங்கள். நான் ஐந்தாம் மாடிக்காரி, போதாக்குறைக்கு முழங்கால் வலி. கீழே காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அவரோடு நானும் ஏறிக்கொள்வது வழக்கம் என்பதால் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம்.

வயது ஐம்பத்து நாலு. எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, துணித்தொப்பி, காதில் செருகிய பென்சில். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது, ஏதோ ஒரு கதவு வாங்கிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக் என்று அவரை இங்கே யாரும் சொல்வதில்லை. 'ஜெபிச்சுட்டுச் சொல்றேன்' என்றால்தான் தெரியும். எதைக் கேட்டாலும் அவருடைய முதல் பதில் அதுவாக இருப்பதால், பதிலே பெயராகிவிட்டது.

அவர் மனைவி தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். என் முழங்காலுக்கு அங்கேதான் தைலம். தைலத்தைவிட அந்த அம்மாளின் பேச்சு சீக்கிரம் குணம் கொடுக்கும். "வாஷிங் மெஷின் வாங்கணும், மேல மூடி வச்சதா, முன்னால கதவு வச்சதான்னு கேட்டேங்க. ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னார். ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா? ரெண்டு வாரம் கையால துவைச்சேன். மூணாவது வாரம் நானே போய் முன்னால கதவு வச்சதை வாங்கிட்டு வந்துட்டேன். 'பாத்தியா, பதில் வந்துடுச்சு'ன்னு என்னையே பாத்துச் சிரிக்கிறார்!"

எனக்கும் கடவுளுக்கும் பெரிய போக்குவரத்து கிடையாது. ஆகவே இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன், பெரிய கம்பெனி ஒன்று அவரை மேற்பார்வையாளராகக் கூப்பிட்ட சேதி வரும்வரை. சம்பளம் கூடுதல், குழிக்குள் இறங்கி அழுக்காக வேண்டாம், ஆனால் ஞாயிறு காலையில் வேலை. மூன்று நாள் ஜெபித்தார். நாலாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து எங்கள் கட்டடத்துக் கதவுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "சபையில நான் பாடுற பாட்டைக் கேட்டா, வராம இருந்தாலே நல்லதுன்னுதான் தோணும்க்கா. ஆனா அவர் வரச் சொல்றாரே" என்றார்.

அதே மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் எழுந்து, வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டது நான். சட்டையெல்லாம் கறுப்பாகக் கதவை நெம்பித் திறந்து என்னை வெளியே இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டீர்களே என்று நன்றி கெட்டதனமாகக் கேட்டேன். "குழியில மாடு விழுந்தா ஓய்வுநாள்னு பாக்காமத் தூக்கணும்க்கா." என்னை மாடு என்றதை, இருபது நிமிட இருட்டுக்குப் பிறகு, பொருட்படுத்தும் நிலையில் நான் இல்லை.

லிஃப்டின் அடியில் உள்ள குழிக்குள் இறங்குமுன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணிப்பார். தலை குனிந்து அரை நிமிடம் ஜெபம். பிறகு மெயின் சுவிட்சை அணைப்பார், இரண்டு முறை சரிபார்ப்பார். ஜெபம் போதாதா என்று சீண்டினால் சிரிப்பார். "ஜெபம் பண்ணிட்டு மெயினை அணைக்காம இறங்குறவன் விசுவாசி இல்லக்கா, முட்டாள்."

கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்குத்தான். கதவுக்கு நடுவே சாமானை வைத்து லிஃப்டை நிறுத்தி வைப்பது. நான் ஒருமுறை வெங்காயப் பையை அப்படி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் ரெண்டு வார்த்தை பேசப் போனேன். ரெண்டு வார்த்தை என்பது என் கணக்கில் கால் மணி நேரம். திரும்பி வந்தால் படியேறி மூச்சு வாங்க நிற்கிறார். "கதவு மூடணும்னு வருது, நீங்க விடமாட்டேங்கறீங்க. மோட்டார் பாவம் இல்லையா?" மறுநாளே எல்லா மாடியிலும் அவர் கையெழுத்தில் ஒரு தாள். 'கதவில் பொருள் வைத்து நிறுத்தாதீர்கள்.' என் மாடியில் மட்டும் கீழே இன்னொரு வரி. 'தயவுசெய்து.'

போன வருஷம் லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் நாலைந்து இழை அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில் அந்த வாரம் விசேஷம், ஊர்ப்பட்ட விருந்தாளிகள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடட்டும். கயிறு நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்க" என்று செயலாளர் தாளை நீட்டினார். ஜெபிச்சுட்டுச் சொல்றேன் என்பார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்பது நாள் லிஃப்ட் இல்லை. விருந்தாளிகள் ஏறினார்கள், செயலாளர் திட்டினார், நான் படிக்கு ஒரு சாபம் விட்டேன்.

"இதுக்கு மட்டும் ஏன் ஜெபிக்கலை?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லாதேன்னு அவர் ஏற்கெனவே சொல்லிட்டாரே. சொல்லிட்ட விஷயத்தை மறுபடி போய்க் கேட்டா அது ஜெபம் இல்லக்கா, சாக்கு."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போனது. மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இனி நாலாம் மாடி. அங்கே லிஃப்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருப்பவர், ஓய்வு பெற்ற தபால்காரர், கைத்தடி ஊன்றி நடப்பவர். நம் மெக்கானிக்கின் கூடப்பிறந்த அண்ணன். மற்ற மாடிகளில் கதவு திறந்தால் தம்பி எதிர்ப்படுகிறவர்களுக்கு ஒரு வணக்கமாவது வைப்பார். நாலாம் மாடியில் கதவு திறந்தால் தரையைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். ஆனால் அங்கேதான் அதிக நேரம் படுத்துக் கிடப்பார். மற்ற மாடிகளுக்கு ஒரு முறை ஸ்கேல் என்றால் நாலாம் மாடிக்கு மூன்று முறை. "நாலாம் மாடியில மட்டும் காலே தடுக்காது, கவனிச்சிருக்கீங்களா?" என்று அந்த அண்ணன் ஒருநாள் என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சண்டைக் கதையை மருந்துக்கடை அம்மாள்தான் சொன்னார். அண்ணன் மகள், இவர் தோளில் தூக்கி வளர்த்த பெண், சபைக்கு வெளியே ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்தாள். "சித்தப்பா, நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்று வந்து நின்றாள். போகலாமா கூடாதா என்று இவருக்குக் குழப்பம். ஜெபிச்சுட்டுச் சொல்றேன்ம்மா என்றார். சொல்லவே இல்லை. கல்யாண நாளன்று எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். சாட்சி இல்லாமல் அவர்கள் தடுமாற, பதிவு அலுவலகத்தில் வேறு யாரோ முன்பின் தெரியாதவர் கையெழுத்துப் போட்டாராம். "ஆண்டவர் அவனுக்குப் பதில் சொல்லலையாம். நானும் இனிமே அவன்கிட்ட ஒண்ணும் கேக்கலை" என்று அண்ணன் கதவைச் சாத்தினார். அது ஆறு வருஷத்துக்கு முன். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு புள்ளையும் பொறந்தாச்சு. இவருக்குப் பதில் மட்டும் இன்னும் வரலை" என்று அந்த அம்மாள் தைலத்தைப் பொட்டலம் கட்டினார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் முதல் செவ்வாய். நாலாம் மாடியில் கதவு திறந்தது. எதிர் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள், கயிறு, சுருட்டிய பாய். அவர் ஸ்கேலை வைத்தார். ஆடவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"காலி பண்றாங்களா?" என்றேன்.

"பொண்ணுகிட்டப் போறாங்க. வர்ற மாசம் பத்தாம் தேதி." தரையைப் பார்த்தே பேசினார். "விமானத்துல ஒரு பகல் பூராப் போகணுமாம். அண்ணனுக்குக் கால் வேற அப்படி. இனிமே எங்க திரும்பி வரப்போறாங்க."

"போய்ப் பாக்கலையா?"

"ஜெபத்துல வச்சிருக்கேன்க்கா."

என் நாக்கு என் பேச்சைக் கேட்கிற நாக்கு இல்லை. "ஆறு வருஷமாவா? மனஸ்தாபம் இருந்தா காணிக்கையை அப்படியே வச்சிட்டு, முதல்ல போய்ச் சமாதானம் ஆகுன்னு பைபிள்ல இருக்காமே. கோயில் பக்கமே போகாத எனக்கே அது தெரியுது. ஏற்கெனவே சொல்லிட்ட விஷயத்தை மறுபடி போய்க் கேட்டா அதுக்குப் பேர் என்ன? நீங்கதானே சொன்னீங்க?"

அவர் ஸ்கேலை மெதுவாகத் துடைத்தார். "சாக்கு" என்றார்.

அன்றைக்கு நாலு ஸ்தோத்திரத்தோடு சரி. நாலாம் மாடியிலும் அதற்கு மேலேயும் அந்தச் சொல் வரவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்கு மனசு உறுத்தியது. ஒருத்தர் தன் புண்ணைப் பொத்தி வைத்திருந்தால் அதில் விரலை விட்டுப் பார்க்க நான் யார்? தைலம் வாங்கக்கூட வேறு கடைக்குப் போனேன்.

இந்த மாதம் முதல் செவ்வாய், ஐந்தாம் தேதி. காய்கறிப் பையோடு வந்து பொத்தானை அழுத்தினேன். மேலே எண் நாலில் நின்றது. எண்ணிக்கொண்டே நின்றேன், அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். எவளோ என்னை மாதிரி ஒருத்தி வெங்காயப் பையை வைத்துவிட்டு வம்பளக்கப் போயிருக்கிறாள் என்று எரிச்சலோடு படியேறினேன். மூன்றாம் மாடி தாண்டும்போதே சத்தம் கேட்டது. கதவு எதையோ இடித்துத் திறக்கிறது, மூட வருகிறது, மறுபடி இடித்துத் திறக்கிறது.

நாலாம் மாடிக்கு இரண்டு படி இருக்கும்போது நின்றுவிட்டேன். 'கதவில் பொருள் வைத்து நிறுத்தாதீர்கள்' என்ற தாளுக்குக் கீழே, கதவுக்கு நடுவில், அவருடைய கருவிப் பை. ஸ்கேலும் திருப்புளியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். வழக்கமான அரை நிமிடத்துக்காக நான் பையைக் கீழே வைத்துக் காத்திருந்தேன். அவர் தலை குனியவில்லை. நேராகக் கையை நீட்டி மணியை அழுத்தினார்.

உள்ளே கைத்தடி ஊன்றுகிற சத்தம் மெல்ல மெல்ல வாசலுக்கு வந்தது. பின்னால் லிஃப்ட் கதவு பையை இடித்தது, திறந்தது, மறுபடி இடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவு திறந்தபோது, ஆறு வருஷமாக அந்த மாடியில் தரையை மட்டுமே பார்த்த மனிதர் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார்.