கழிக்கலாம், வெட்டலாம்

"ஆந்தைக்கு வீடு கட்டிக் குடுக்கவாடா ஒன்னையக் கூப்பிட்டேன்?" என்று கேட்டார் என் அப்பச்சி. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மலையாண்டி புளியமரத்திலிருந்து இறங்கி, அரிவாளை இடுப்பில் செருகினார். "பட்ட கொப்புல பொந்து இருக்குங்கய்யா. ஆந்தை முட்டை வச்சிருக்கு, கெடந்துட்டுப் போகட்டும். பச்சைக் கொப்புலதான் நுனிப் பாரம். அதைக் கொறச்சுட்டேன், இனிக் காத்துக்கு ஒடியாது."

"ஆந்தை அலறுற வீடு வெளங்குமா?"

"அது அலறுனா எலிக்குத்தான்யா கேடு."

நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பச்சி சிரிக்கவில்லை.

அது 1968. நாச்சியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே, சாலையோரம் நின்ற மரம். தாத்தா காலத்திலேயே அது கிழமரம் என்பார்கள். மலையாண்டி இருபது வருஷமாக அதைக் கழித்துவந்தார், ஒரு வருஷத்தில் ஒரு பக்கம் மட்டும். எப்போதோ விழுந்ததில் அவருக்கு இடது முழங்கால் மடங்காது. மரத்தில் ஏறும்போது மட்டும் அது தெரியாது.

மரம் சர்க்காருடையது. அதை அடியோடு எடுக்க அப்பச்சி மனுப் போட்டார். ஒரு மாதத்தில் இங்கிலீஷில் பதில் வந்தது, 'லாப்' செய்யலாம் என்று. அப்பச்சி அதை என்னிடம் தமிழில் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பாஷை படித்த மகள் நான், "தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம்" என்று எழுதி, மலையாண்டிக்குப் படித்தும் காட்டினேன்.

"வெட்டவா, கழிக்கவா?" என்றார் அவர்.

'லாப்' என்றால் கொப்பை மட்டும் எடுப்பது, அதற்குத் தமிழில் கழிப்பது என்று பெயர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திருத்துகிறேன் என்றேன். அப்பச்சி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எழுதுனது எழுதுனதுதான்."

வேறு யாரும் அந்தப் பொந்து மரத்தில் ஏறத் துணியவில்லை. மலையாண்டியும் தயங்கினார். அவர் குடிசை எங்கள் மனையில் இருந்தது. அதை அப்பச்சி ஒருமுறைதான் சொன்னார். மூன்று நாளில் கொப்பெல்லாம் இறங்கின. அடிமரத்தை மற்றவர்கள் அறுத்தார்கள். ஆந்தைக் குஞ்சுகளை மலையாண்டி துண்டில் கட்டி இறக்கினார். ஊருணிக் கரையில் போடச் சொன்னார் அப்பச்சி. காக்கைகள் பார்த்துக்கொண்டன.

மரம் எங்கே என்று அதிகாரி வந்து கேட்டபோது, அப்பச்சி இங்கிலீஷ் கடிதத்தை மட்டும் காட்டினார். "கழிக்கத்தான் சொன்னேன். தற்குறிப் பய, வெட்டிப்புட்டான்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மலையாண்டியை ஐந்து நாள் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். அதன்பின் ஒருவரும் அவரைக் கொப்புக் கழிக்கக் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் கொல்லைவாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். உதடு கிழிந்திருந்தது.

"ஆச்சி, நீங்க படிச்சுக் காட்டுனது வெட்டலாம்னுதான். அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அய்யா பேரு வேணாம். இங்கிலீசுலயும் எழுதிக் குடுங்க, அதிகாரிகிட்டக் காட்டணும்."