எடுக்கச் சொன்ன பாடம்

சமூக அறிவியலைச் சும்மா குடுக்குறதைவிட, சித்திரை மாசத்துல கம்பளி விக்கிறது லேசு. குடுத்துப் பார்த்தவங்களுக்கு நம்ம பாடு தெரியும். மதுரையில நாங்க மூணு டீச்சர்க சேர்ந்து, லீவு நாளெல்லாம் உக்காந்து எழுதின பாடங்க இது. எந்தப் பள்ளிக்கூடமும் எடுத்துக்கலாம், பைசா வேணாம். அதுல ‘உன் ஊரை நீயே வரை’ன்னு ஒரு பாடம். அது முழுசா பிள்ளைக கைக்குப் போகணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கிறேன்.

ரேட் என்ன?

கே.கே. நகர்ல ஒரு தனியார் பள்ளி. பிரின்சிபால் அம்மா புரட்டிப் பார்த்துட்டு, நல்லாருக்குன்னாங்க. காபிகூட வந்துச்சு. ஃப்ரீன்னு சொன்னேன், முகம் மாறிப்போச்சு! எந்தக் கட்சி, எந்த டிரஸ்ட்டுன்னு துருவுனாங்க. யாரும் இல்லைன்னு சொல்லச் சொல்ல சந்தேகம் கூடுது. கடைசியில என்மேல இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாங்க: “ஃப்ரீன்னா எங்க பேரன்ட்ஸ் மதிக்க மாட்டாங்க மேடம், அட்டையில ஏதாவது ஒரு ரேட்டைப் போட்டு எடுத்துட்டு வாங்க.”

கணக்கு சார்

செல்லூர்ல நான் வேலை பார்க்குற பள்ளிக்கூடம். சோஷியல் பீரியடுன்னா கணக்கு சாருக்குச் சொந்தம்னு எந்தப் பள்ளியிலயும் எழுதாத சட்டம் உண்டுல்ல, இங்கயும் அதான். பிள்ளைக தெருவைப் பாதி வரைஞ்சிருக்கும்போது, போர்ஷன் முடியலைன்னு சாக்பீஸோட வந்து நின்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனா சண்டை போட்டா பீரியடு போயிரும். “வாங்க சார், இந்தத் தெருவை அளந்து தாளுக்குள்ள எப்படிச் சுருக்குறதுன்னு நீங்களே சொல்லிக்குடுங்க”ன்னு உள்ள இழுத்துவிட்டேன். மணி அடிச்சும் மனுசன் வெளிய வரலை. போகும்போது சொன்னாரு: “நாளைக்கும் இந்தப் பீரியடை எனக்கே குடுத்துருங்க மேடம், இன்னும் ரெண்டு சந்து பாக்கி இருக்கு.”

கண்மாய்க்கு அங்கிட்டு

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பாடத்தை நடத்திக் காட்டப் போயிருந்தேன். பெரிய தாள்ல பிள்ளைக கூடி ஊரை வரைஞ்சாங்க. கடைத்தெரு, கோயில், பால் சொசைட்டி எல்லாம் வந்துச்சு. கண்மாய்க் கரையோட தாளு முடிஞ்சு போச்சு. கரைக்கு அந்தப் பக்கம் இருக்குற காலனி தாள்ல வரலை.

தலைமையாசிரியர் என்னை வெளிய கூப்பிட்டாரு. “இந்தப் பாடத்தை மட்டும் எடுத்துருங்கம்மா, ஊருக்குள்ள பேச்சு வரும். மத்ததைச் சுத்துப்பட்டு அம்புட்டு ஸ்கூல்லயும் நானே வாங்க வைக்கிறேன்”ன்னாரு. அம்புட்டு ஸ்கூலு! எச்சி முழுங்கிட்டேன்னு மறைக்காம சொல்றேன். ஆனாலும் “முடியாது சார்”னுட்டேன்.

உள்ள வந்தா, காலனியிலயிருந்து வர்ற காவ்யா எந்திரிச்சு, “டீச்சர், எங்க தெரு அங்கிட்டு இருக்கு, இன்னொரு தாள் குடுங்க”ன்னா. குடுத்தேன். கரையோட சேர்த்து ஒட்டி, தன் வீட்டுலருந்து வரைய ஆரம்பிச்சா. வாசல்ல தலைமையாசிரியர் நிக்கிறாரு. அப்பத்தான் கோயில் தெருவை வரைஞ்ச பிள்ளை ஸ்கெட்சை எடுத்துக்கிட்டுக் கிட்ட வந்து உக்காந்தா: “ஏய், ரோட்டை அங்கனயே நிப்பாட்டாத, எங்க ரோட்டோட சேரணும்ல, இழு.”

சுத்துப்பட்டுல ஒரு ஸ்கூலும் இன்னும் கூப்பிடலை, நாங்களும் அந்தப் பாடத்துல எதையும் குறைக்கலை, ஒரு வரியைக் கூட்டித்தான் இருக்கோம்: ‘தாள் போதவில்லை என்றால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளவும்.’