ஜெர்மன் கார் வாங்கிய கோடை

மெல்பேர்ணிலிருந்து பெரியப்பா வந்து நின்ற நான்கு கிழமையும், ஒரு மாதம் முழுக்க, எங்கள் வீட்டில் காரைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. எண்பதுகளின் கடைசி, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. என் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் அம்மாவோடு படுத்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் பார்க்கும் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஓடும் நேரமாகப் பார்த்து, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஐரோப்பியக் கார்களின் குணங்களை அப்பாவுக்கு எடுத்துச் சொல்வார்.

அப்பாவின் ஒரே அண்ணன் அவர். எழுபதுகளிலேயே பொறியியலாளராக ஆஸ்திரேலியா போனவர். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஐரோப்பியக் கார்கள் வைத்திருந்து, நான்கினாலும் படாத பாடு பட்டவர். இத்தாலிக் கார் அழகு, ஆனால் மழைக்கு ஆகாது. பிரெஞ்சுக் காரின் இருக்கைக்கு ஈடில்லை, ஆனால் ஒரு பல்ப் மாற்ற அரை எஞ்சினைக் கழற்ற வேண்டும். சுவீடன் கார் அலுமாரியை ஓட்டுவதுபோல. கார் என்றால் ஜெர்மன் கார்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் அதை வைத்திருக்கக்கூடாது. ஒரு ரப்பர் வளையம் உடைந்தால் கப்பலில் வந்துசேர இரண்டு மாதம். வெயிலுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் அப்பளம்போல வெடிக்கும். மெக்கானிக் பொனெட்டைத் திறந்து பார்ப்பான், ஒரு விசில் அடிப்பான், திரும்ப மூடிவிடுவான்.

இவ்வளவு பட்ட மனிதர் மற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதானே சொல்ல வேண்டும்? பெரியப்பாவின் கணக்கு வேறு. பிழை காரில் இல்லை, இடையில் கிடக்கும் கடலில் என்பார்.

“நீ பக்டரிக்குப் பக்கத்திலை இருக்கிறாய். இஞ்சை இருந்துகொண்டு ஜப்பான் கார் ஓடுறது, கடற்கரையிலை இருந்துகொண்டு ரின்னிலை அடைச்ச மீன் சாப்பிடுற மாதிரி.”

எங்களிடம் இருந்தது கடுகு நிற ஜப்பான் கார். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் உடனே எடுக்கும். அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, அதுதான் அதன் குணம். நான் அதை மிகவும் நேசித்தேன். ஆனால் பெரியப்பா சொன்னதை அப்பா தட்டியதே கிடையாது. மூன்றாவது கிழமை அது பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அதே வயதுள்ள கருநீல ஜெர்மன் கார் ஒன்று வாசலுக்கு வந்தது.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “ஓடுற காரை வித்துப்போட்டு ஓடாத காரை ஏன் வாங்குறீங்கள்?” இருவரும் காது கேளாதவர்கள்போலச் சுற்றிச் சுற்றி வந்து அதன் சில்லுகளைப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் கூரையில் இருந்த கண்ணாடி திறந்தது, பிறகு மூடவில்லை. நான்காம் நாள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு சும்மா பயமுறுத்துகிறது, உண்மையில் ஒன்றும் இல்லை என்றார் பெரியப்பா.

அவர் திரும்பிப் போகும் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹீத்ரோவுக்குப் புறப்பட்டோம். டுவிக்கனத்தைத் தாண்டியதும் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினோம். நிறுத்தியதும் மழை தொடங்கியது. அம்மா காருக்குள் இருந்தபடியே குடையை விரித்தாள்.

பெரியப்பா பொனெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். “சின்ன ஹோஸ் ஒண்டு வெடிச்சிருக்கு. மெல்பேர்ண் எண்டால் கப்பலுக்குக் காத்திருக்கோணும். இஞ்சை மூலைக்கடையிலை வாங்கலாம்.”

“இண்டைக்கு ஞாயிறு, அத்தான்,” என்றாள் அம்மா பெரியப்பாவிடம். “எல்லாக் கடையும் பூட்டு.” பிறகு குடையை என் கையில் தந்துவிட்டு, மினிகாப் என்ற வாடகைக் காரைக் கூப்பிடத் தொலைபேசிப் பெட்டியைத் தேடி நடந்தாள்.

எனக்குக் கால் நனைந்து, பசியும் எடுத்திருந்தது. எரிச்சல் தாங்காமல் இறங்கிப்போய் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். பெரியப்பா அப்போதும் ஓயவில்லை. இந்தக் காரை விட்டுவிடாதே, திருத்தி ஓட்டு, ஒரு வருடம் பொறுத்துப் பார், பிறகு நீயே சொல்லுவாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பா குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று நிமிர்ந்தார். அவர் அண்ணனோடு குரல் உயர்த்திப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

“எல்லாத்துக்கும் தூர இருந்துகொண்டு சொல்லுவீங்கள். சொல்லிப்போட்டுப் போயிடுவீங்கள். நீங்கள் சொன்னீங்கள் எண்டுதானே அண்ணை நான் விட்டிட்டு வந்தனான். தனிய விட்டிட்டு வந்தனான்.”

பெரியப்பா பொனெட்டிலிருந்து கையை எடுத்தார்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய முழங்கையைப் பிடித்துச் சொன்னேன். “தனிய இல்லை அப்பா. எங்கட கார் பக்கத்து ரோட்டிலைதான் நிக்குது. ஸ்கூலுக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். கேட்டால் அந்த அங்கிள் திருப்பித் தருவார்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியப்பா கீழே கிடந்த கந்தையை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மினிகாப் வந்தது. அம்மா சூட்கேஸை ஏற்றினாள். பெரியப்பா என் தலையைத் தடவினார். “போயிட்டு வாறன்” என்றார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. அப்பா தலையை மட்டும் அசைத்தார். பெரியப்பா விமானத்தைப் பிடித்துவிட்டார். ஜெர்மன் காரை அந்த மாதமே வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தோம். அண்ணனும் தம்பியும் இரண்டு வருடம் தொலைபேசியில் பேசிக்கொள்ளவில்லை. ஒரு காருக்காக இப்படியா என்று நான் நினைத்தேன்.

அந்தக் கோடைக்கு முந்தைய வருடம் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் அப்பா, என் அப்பப்பா, தனியாக இருந்து இறந்துபோயிருந்தார். செய்தி எங்களுக்கு வந்துசேர மூன்று கிழமை பிடித்தது. இரண்டு மகன்களும் போகவில்லை, போக வழியும் இருக்கவில்லை. எனக்கு அது ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாத செய்தி, அவ்வளவுதான். அங்கிருந்து கிளம்பிவிடு, அப்பாவை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று மெல்பேர்ணிலிருந்து தம்பிக்குக் கடிதம் கடிதமாக எழுதியவர் பெரியப்பா என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அதுவரைக்கும், யார் கேட்டாலும், அந்தச் சண்டையில் நான் அப்பாவின் பக்கம்தான் நின்றேன். ஜப்பான் கார் நல்ல கார் என்பதற்காக.