சாமி அலுமாரிக்குள் இருந்த டிஸ்க்

லண்டனில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நினைவு மலர் கொடுத்தாக வேண்டும். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பேரப்பிள்ளை வரைக்கும் பெயர்கள். சோறு பிந்தினால் சனம் பொறுக்கும், மலர் பிந்தினால் பொறுக்காது. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பதினேழு வருடமாக அந்த மலர்களைச் செய்து கொடுத்து வந்தவர் சந்திரகுமார். ஒரு தடவையும் அவர் பிந்தியதில்லை.

ஜெர்மனியில் ஓர் அச்சகத்தில் கற்றுக்கொண்ட தொழில் அது. மகன் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். பக்கம் அமைப்பது அவர் வேலை, எழுதுவது மனைவி தவநாயகியின் வேலை. மற்றவர்கள் எழுதினால் செத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்: அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம், இன்னும் என்னென்னவோ. தவநாயகி அப்படி எழுத மாட்டாள். சாவீட்டுக்குப் போன் எடுத்து, அவருக்கு என்ன கறி பிடிக்கும், ஆரோடு கோபம், எதற்குச் சிரிப்பார் என்று குடைந்து குடைந்து கேட்பாள். அவள் எழுதினால் ஆள் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு ஒரு வழமை இருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்ட கையோடு சாமி அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு சின்னக் கறுப்பு டிஸ்கை எடுத்துக் கணினியில் செருகி, எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டுவாள். "கள்ளன் வந்தாலும் சாமியிலை கை வைக்க மாட்டான்" என்பாள். எத்தனையோ வீடுகளில் ஊரில் நடந்த யுத்தத்தோடு அழிந்துபோன படங்களுக்கு மிஞ்சிய ஒரே நகல் அந்த டிஸ்கில்தான் இருந்தது. இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்று மகன் லதீசன் சொன்னபோது, ஊரார் வீட்டுச் செத்தவர்களை முகம் தெரியாதவன் கையில் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தவர் சந்திரகுமார். அந்த வீம்பை நினைத்து அவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை தவநாயகிக்கு மூச்சு முட்டியது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூன்று கிழமை கிடந்தாள். வீடு திரும்ப மாட்டேன் என்பது அவருக்கு முன்னமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போனை எடுத்து ரெக்கோட் பண்ணுங்கோ. என்ரை மலருக்கு நானே சொல்லுறன். வேறை ஆரும் எழுதி நாசமாக்க வேண்டாம்" என்றாள்.

மூன்று பின்னேரங்கள் சொன்னாள். சந்திரகுமார் போனைச் சாப்பாட்டுத் தட்டின் மேல் நிறுத்தி வைத்துவிட்டு, சிவப்புப் புள்ளி எரிகிறதா, சார்ஜ் கடைசிவரை காணுமா, பக்கத்துக் கட்டிலின் இருமல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் பாதி அவர் காதில் ஏறவில்லை. பதிவாகிறதுதானே, ஆறுதலாகக் கேட்கலாம் என்ற நினைப்பு. போன் நிறைந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிப் போனில் அழித்தார். அடுத்த வெள்ளி தவநாயகி போய்விட்டாள்.

சாவீட்டுத் துடக்கு. முப்பத்தொரு நாளும் விளக்கேற்றக் கூடாது, சாமி அலுமாரியைத் திறக்கக் கூடாது. சந்திரகுமாருக்குப் பக்தி பெரிதாகக் கிடையாது. ஆனால் அவள் வைத்த ஒழுங்கு அது. பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தபோது அவருக்கு டிஸ்கின் நினைவு வந்தது. அலுமாரிக் கைப்பிடியில் கை வைத்தார். அவள் இருந்தால் ஏசுவாள் என்று கையை எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய குரலைக் கேட்டு எழுதலாம் என்று கணினியைப் போட்டார். உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரை.

ஈஸ்ட் ஹாமில் கணினி திருத்தும் றொஜனிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் காதைக் கிட்ட வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினான்.

"ஹார்ட் டிஸ்க் பழுதாப் போட்டுது அங்கிள். பேக்கப் இருக்கோ?"

"இருக்கு. சாமி அலுமாரிக்குள்ளை."

"அப்ப என்ன பயம்? புது டிஸ்க் போட்டு எல்லாத்தையும் திருப்பி எடுக்கலாம். பழசை ஸ்பெஷல் ஆக்களிட்டை அனுப்பிப் பாக்கிறன்."

வீட்டில் தவநாயகியின் தங்கை ஜெயகௌரி சாப்பாடு கொண்டுவந்து காத்திருந்தாள். விஷயம் கேட்டதும் அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முப்பத்தொண்டு கழியட்டும் அத்தான். அக்கா இருந்தா விடுவாவோ?"

"முப்பத்தொண்டிலை மலர் குடுக்காட்டி உன்ரை அக்கா என்னை விடுவாவோ?"

ஜெயகௌரி விலகி நின்று அழுதாள். சந்திரகுமார் குளித்துவிட்டு வந்து, சாமிப் படங்களை நிமிர்ந்து பாராமல் கையை மட்டும் உள்ளே விட்டு டிஸ்கை எடுத்தார்.

றொஜன் புது டிஸ்கைப் பூட்டிப் பிரதியைத் திருப்பி ஏற்றினான். பின்னேரத்தில் திரை வெளிச்சமானது. பதினேழு வருடத்துச் செத்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர் குறையாமல் வந்து சேர்ந்தார்கள். தவநாயகி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமையில் கணினி வந்து நின்றது. யாருடைய மலரோ ஒன்றை அவள் அரைவாசியில் விட்டிருந்தாள். கீழே, 'மிச்சம் திங்கள்' என்று குறிப்பு. அவள் செத்தது அந்தக் கணினிக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிப் பதிவுகள் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த வெள்ளிக்குப் பிறகு ஒருவரும் பிரதி எடுக்கவில்லையே.

இருபத்தாறாம் நாள் றொஜன் போன் எடுத்தான். "சாரி அங்கிள். உள்ளுக்குத் தட்டெல்லாம் கீறுப்பட்டுக் கிடக்காம். ஒண்டும் எடுக்க ஏலாதாம்."

சந்திரகுமார் பேப்பரும் பேனையுமாக இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன பச்சைச் சைக்கிள் ஒன்று அவள் கதையில் வந்தது. அது என்னவாயிற்று என்று தெரியவில்லை. சிவகாமி ரீச்சர் என்றொரு பெயர் வந்தது. அந்த ரீச்சர் நல்லவளா கெட்டவளா, அதுவும் தெரியவில்லை. எதையோ சொல்லி அவள் சிரித்தாள், எதற்கென்று தெரியவில்லை. மூன்று பின்னேரங்களும் பக்கத்தில் இருந்தவர் அவர். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"பழைய மலர் ஒண்டை எடுத்துப் பெயரை மாத்துவம் அப்பா. ஆரும் கவனிக்க மாட்டினம்" என்றான் லதீசன்.

"அம்மா கவனிப்பா!" என்று கத்தினார் சந்திரகுமார். மகன் மேல் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை மலர் நேரத்துக்கு வந்தது. வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் பிறந்த திகதி, ஊர், இறந்த திகதி. அதன் கீழே இரண்டே வரி: 'தன் கதையைத் தவநாயகி தானே சொன்னாள். நான் கவனமாகக் கேட்கவில்லை.' மிச்சம் முழுக்க வெள்ளை. சனம் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அச்சுப் பிழை என்று சிலர் நினைத்தார்கள்.

ஜெயகௌரி மலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தான், அக்கா சொன்னதிலை ஒண்டுகூட முழுசா ஞாபகம் இல்லையோ?"

"இல்லை" என்றார் சந்திரகுமார்.

அது பொய். ஒன்று மட்டும் அவருக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. மூன்றாம் பின்னேரம் தவநாயகி இடையில் நிறுத்தி, "அதை நிப்பாட்டுங்கோ, இது மலருக்கில்லை, உங்களுக்கு" என்றாள். அவர் போனை நிறுத்திக் கவிழ்த்து வைத்தார். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஜெர்மனியிலை அந்த அகதி காம்பிலை, லதீசன் வயித்திலை இருக்கேக்கை, வேலையிலை சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லி உங்கட பங்குப் பாண் துண்டையும் எனக்குத் தருவியள். நீங்கள் சாப்பிடேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சாப்பிட்டனான். அவ்வளவு பசி. இத்தினை வருசமாச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்திரகுமார் விளக்கேற்றினார். டிஸ்கை எடுத்துச் செருகினார். மற்றவர்களின் செத்தவர்களை எல்லாம் பத்திரமாகப் பிரதி எடுத்து, கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினார். தவநாயகி சொன்னதை எழுதி வைக்கவும் இல்லை, ஒருவருக்குச் சொல்லவும் இல்லை. உங்களுக்கு என்றுதானே அவள் சொன்னாள். அதற்கு இருப்பது ஒரே ஒரு பிரதி. அவருக்கு இப்போது அறுபத்துநாலு வயது. இந்தக் கிழமை இரண்டு தரம் வாசல் கதவைப் பூட்டுகிற திறப்பை எங்கே வைத்தார் என்று தேடினார்.