வியாழக்கிழமை மாற்றிய கியர்பொக்ஸ்

எங்கள் கரையில் படகு இழுக்கும் ஜீப் என்னுடையது. என்னைவிட வயது கூடியது. நாலு சில்லும் சேர்ந்து இழுப்பதால் மணலில் புதையாது. சென்ற மாரியில் அதன் கியர்பொக்ஸ் தேய்ந்து, பாரம் ஏறியதும் கியர் தானாகக் கழலத் தொடங்கியது. கோப்பாயில் ஒரு வெங்காயத் தோட்டத்து மூலையில் கிடந்த அதே வகை ஜீப்பிலிருந்து இன்னொன்றைக் கழற்றி வந்தேன்.

"தம்பி, உது ஒண்டுதான் இருக்கு. பக்குவமாய்ப் பாவியும், பழுதாக்கிப்போடாதையும்," என்று தோட்டக்காரர் ஏற்றிவிடும்போதே சொன்னார்.

வியாழக்கிழமை விடியற்காலை, கடலுக்குப் போகுமுன் அண்ணை வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்தார். காற்று மாறும்போல் இருந்தது. திரும்பி வரும்போது படகை மணலில் ஏற்ற ஜீப் இல்லையென்றால் அலை அதை முருகைக்கல் பாறையில் அடித்துப் பிளந்துவிடும். அந்தப் படகைவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

"பத்து மணிக்குள்ளை முடிச்சுப்போடுவன். யோசிக்காமல் கடலுக்குப் போட்டு வாங்கோ," என்றேன். எனக்கு வாய் எப்போதும் கையைவிட முன்னால் ஓடும்.

பழையதை இறக்கவே ஒன்பது மணியாகிவிட்டது. புதியதை ஜாக்கில் ஏற்றினால் அதன் தண்டு கிளச்சுக்குள் நுழையமாட்டேன் என்றது. ஒரு நூலளவு பிசகு. மல்லாந்து கிடந்து தள்ளினேன், திட்டினேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன், பிறகு அவரையும் திட்டினேன். பதினொரு மணிக்குப் பனையோலைகள் சரசரக்கத் தொடங்கின. அண்ணைக்குச் சொன்ன சொல்லைத் தவிர தலைக்குள் வேறொன்றும் இல்லை.

ஒரு மணிக்கு, நான் களைத்துப்போன நேரம் பார்த்து, தண்டு உள்ளே போனது. அம்மா தேசிக்காய்களுடன் வந்து நின்றார்.

"ஒண்டரைக்கு ராகுகாலம் துடங்குது. அதுக்கு முன்னம் ஒருக்கா உருட்டிப்போடு."

நேரம் பார்க்காமல் எதையும் தொடங்குவது எங்கள் வீட்டில் நடக்காது. அவசர அவசரமாக நட்டுகளை முறுக்கினேன். அம்மா சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஒன்று இருபத்தைந்துக்கு அவற்றை நசுக்கிக்கொண்டு நேரே கரைக்கு ஓட்டினேன். வழிநெடுக ஒரு மெல்லிய ஊளை கேட்டது. காற்றென்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணையின் படகு கரைக்குக் கிட்ட அலைக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற நாலைந்து பேர் கயிற்றை ஜீப்பில் கொளுவினார்கள். இழுக்கத் தொடங்கியதும் ஊளை காலடியிலிருந்து எழுந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: நான் கியர் ஒயில் விடவேயில்லை. கலன் மூடி திறக்காமல் கிணற்றடியில் நிற்கிறது.

நிறுத்தினால் கியர்பொக்ஸ் தப்பும், படகு போய்விடும். நிறுத்தவில்லை. இரும்பு கருகும் மணம் வந்தது. படகு மணலில் ஏறிய கையோடு ஜீப் ஒரு உதறலுடன் நின்றுவிட்டது. அது இனி ஓடாது என்று எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தாலும், சொன்ன சொல்லை ஒருமாதிரிக் காப்பாற்றிவிட்டேன் என்ற ஆறுதல் இருந்தது.

இறங்கிப் போய்ப் படகுக்குள் பார்த்தேன். மடித்த வலை மடித்தபடியே கிடந்தது. ஒரு மீன்கூட இல்லை.

"வலை விடேல்லையோ?" என்று கேட்டேன்.

அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

"பத்து மணிக்கு உன்னாலை முடியாதெண்டு தெரியும். அதாலை தூரம் போகேல்லை. காலமை தொட்டு உதிலை கரைக்குக் கிட்டத்தான் ஜீப் வருகுதோவெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏன் கடலுக்கு இறங்கினனீங்கள்?"

"இறங்காமல் விட்டால் உனக்கு மனம் நோகுமெல்லே."