மாமா திருப்பிக் கட்டிய ஸ்பீக்கர்

மகளின் முன்பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பெற்றோர் யாரும் வர வேண்டாம் என்று போன வாரம் டீச்சர் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கை, கால், வாய் நோய் பரவுகிறதாம். பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுப் போனால் போதும், ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்புகிறோம் என்றும் எழுதியிருந்தார். பிள்ளைகள் கூடினால் பரவாத நோய் பெற்றோர் கூடினால் மட்டும் பரவுமா என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்து, கடைசியில் ‘சரி டீச்சர்’ என்று மட்டும் அனுப்பினேன்.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். “ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?”

எனக்கு இது பிறவிக் குணம் இல்லை. மூன்றாம் வகுப்பில், இதே மாதிரி பார்வையாளர் இல்லாத ஒரு விளையாட்டுப் போட்டியில் ஒட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அந்த வருடம் நாட்டுக்குள் ஒரு புதுக் காய்ச்சல் வந்து மலைக்கும் ஏறியிருந்தது. பிள்ளைகளைச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்தும் எங்கள் பள்ளிக்கூடத்தின் இல்ல விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக்கு இன்னொரு திருவிழா மாதிரி. பெண்கள் கொழுந்தை எடை போட்டு முடித்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மைதானத்துக்கு ஓடி வருவார்கள். பிள்ளை ஓடும்போது தாயும் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவார். அந்த வருடம் அது எதுவும் கிடையாது என்று அதிபர் சொல்லிவிட்டார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மட்டும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கவும் கூடாது.

எனக்கு அதில் கவலைப்பட ஒன்றும் இருக்கவில்லை. என்னைப் பார்க்க வர வேண்டிய ஆள்தான் ஏற்கெனவே காணாமல் போயிருந்தாரே.

போட்டிக்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, என் உடுப்புகளெல்லாம் ஒரு பையில் கட்டப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில், மாமாவின் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தன. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்பா காம்பராவுக்குள் வரவில்லை. வாசலுக்கு அப்பால், தண்ணீர் ஓடும் காணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னார்.

“அம்மா ஹட்டனுக்குப் போயிருக்கா. பெரியம்மாவுக்கு ஒடம்பு முடியல. கூட இருந்து பாத்துட்டு வந்துருவா.”

“எப்ப வரும்?”

“வந்துருவா.”

‘வந்துருவா’ என்ற சொல்லை நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் கீழ் லயத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாவையும் இப்படித்தான் வந்துருவா, வந்துருவா என்றார்கள். அவர் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கே சொன்னார்கள்.

ஆகவே நான் என் விசாரணையைத் தொடங்கினேன். எதையோ எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழ் லயத்தில் எங்கள் காம்பராவுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஹட்டனுக்குப் போகும்போது அம்மா கட்டுகிற நீலச் சேலை கொடியில் தொங்கியது. ஹட்டன் செருப்பும் கட்டிலடியில் இருந்தது. வீட்டுச் செருப்போடும் வீட்டுச் சேலையோடும் ஹட்டனுக்குப் போகிற ஆளில்லை என் அம்மா. கடைத்தெருவுக்குப் போவதென்றாலே பொட்டை மாற்றி வைப்பவர்.

அப்பா தினமும் வந்தார். தினமும் காணுக்கு அந்தப் பக்கமே நின்றார். மாமாவோடு சண்டை என்று முடிவு செய்தேன். நான் உள்ளே வந்தால் அத்தை பேச்சை நிறுத்திவிட்டு என் தலையைச் சீவத் தொடங்குவார். அந்த நாட்களில் என் தலையை அவர் சீவியது போல யாரும் சீவியதில்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா எங்கோ போய்விட்டார், இனி வரமாட்டார், இது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பது என் முடிவு.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆனால் தோட்டம் அவரை அறிந்தது ஸ்பீக்கர் செட்டால்தான். சடங்கு, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் புனல் மாதிரி வாய் விரிந்த ஒரு ஸ்பீக்கரும்தான். அந்தப் புனல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எங்கள் தோட்டத்தில் சாதாரண விஷயம் இல்லை. மேல் லயத்தைப் பார்த்துக் கட்டினால் கீழ் லயம் சண்டைக்கு வரும். கீழ் லயத்தைப் பார்த்துக் கட்டினால் மேல் லயத்திலிருந்து தேர் இழுக்க ஆள் வராது. திருவிழாவில் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாமா கம்பத்தில் ஏறி அதைத் திருப்பிக் கட்டிக்கொண்டே இருப்பார்.

போட்டிக்கு ஸ்பீக்கர் கொண்டு வருகிறேன் என்று மாமாவே போய் அதிபரிடம் கேட்டிருக்கிறார். “பாக்கக் கூடாதுன்னுதானே சேர் சொன்னீங்க. கேக்கலாம்ல?” அதிபருக்கும் அது சரியாகப் பட்டது. பெற்றோர் அவரவர் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து, யார் எதில் வந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளட்டும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, தனி மேசையில் உட்கார்ந்து அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாமாவுக்கு மட்டும் அனுமதி.

போட்டியன்று காலையில் அத்தை கொடுத்த ரொட்டியை மாமாவிடம் கொடுக்கப் போனபோது அவர் கம்பத்தின் உச்சியில் இருந்தார். புனலைக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தார். அது மேல் லயத்தையும் பார்க்கவில்லை, கீழ் லயத்தையும் பார்க்கவில்லை. இரண்டு லயத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் மலையைப் பார்த்தது. அங்கே யூகலிப்டஸ் மரங்களும் அவற்றுக்கு நடுவே தோட்டத்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரையும்தான் இருந்தன.

“மாமா, லயம் இந்தப் பக்கம்ல இருக்கு?”

“காத்து அப்பிடி அடிக்குதுடி. சத்தம் மலையில முட்டித் திரும்பி லயத்துக்கு வரும். ஒனக்கு வெளங்காது.”

நான் இல்லக் கொடிகளைப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாக் கொடியும் காற்றில் லயத்துப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தன. மாமாவும் பொய் சொல்கிறார் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

பார்க்க ஆளில்லாத மைதானத்தில் ஓடுவது விநோதமாக இருந்தது. யாராவது ஜெயித்தால் ஆசிரியர்கள் கை தட்டுவார்கள். அந்தச் சத்தம் நாலு பேர் துணி துவைப்பது போலக் கேட்கும். மாமா முதலில் ஒழுங்காகத்தான் பேசினார். “அன்பார்ந்த பெற்றோர்களே” என்று திருவிழாக் குரலில் தொடங்கி, போட்டியின் பெயர், இல்லத்தின் பெயர், முடிவு. எங்கள் முறை வந்தது.

“அடுத்ததாகத் தரம் மூன்று மாணவியருக்கான ஐம்பது மீற்றர் ஓட்டம்” என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் குரல் மாறிவிட்டது. “அக்கா, கேக்குதா? ஒம் மக கோட்டுல வந்து நிக்கிறா. செகப்புச் சட்டை. ரெட்டச் சடை. காலையில ரெண்டு ரொட்டி சாப்ட்டா. இருமல் கிருமல் ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் ரொட்டி தின்றதை எதற்கு ஊருக்குச் சொல்கிறார்?

பக்கத்துக் கோட்டில் நின்றவள் கேட்டாள். “ஏண்டி, ஒங்க மாமா யாரைக் கூப்புடுறாரு?”

“எங்கம்மாவ.”

“ஒங்கம்மா ஹட்டன்லன்னு சொன்ன?”

“ஆமா.”

“காலையிலேயே தண்ணி போட்டுட்டாருடி” என்று அவள் சிரிக்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது.

அவள் சிரித்த வெட்கத்தில் நான் பிந்திப் புறப்பட்டேன். மாமாவின் வாயிலோ நான் பறந்துகொண்டிருந்தேன். “வர்றாக்கா! ஒம் மக வர்றா! ஒருத்திய முந்திட்டா, இன்னொருத்தியையும் முந்திட்டா, ஐயோ விழுந்துட்டா... இல்ல இல்ல, எந்திரிச்சுட்டா! இப்பிடி ஒரு ஓட்டத்த நான் பாத்ததே இல்லக்கா. மொதலாவதா வந்துட்டா!”

நான் விழவும் இல்லை, யாரையும் முந்தவும் இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் வந்தாள். அவளுக்கு அன்று கால் சுளுக்கு.

அதிபர் வேகமாக வந்து மைக்கைப் பறித்தார். “தவறுக்கு வருந்துகிறோம்” என்று தொடங்கிச் சரியான முடிவை ஒவ்வொரு பெயராக அறிவித்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மாமாவின் கை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போனது. அதிலிருந்த சிவப்புக் குமிழ் அணைந்தது. அதிபர் செத்துப்போன மைக்கில் பேசிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவில்லை. பேசி முடித்துக் கொடுத்ததும் குமிழ் மறுபடி எரிந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் தண்ணீர்ப் பீலியில் பெரிய சண்டை. இரண்டு லயத்துக்கும் அந்த ஒரு பீலிதான்.

“நாங்க காலையிலேருந்து காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். ஒரு சத்தமில்ல. எல்லாம் மேல் லயத்துக்குத்தான்” என்று கீழ் லயத்து அக்கா ஒருவர் குடத்தை நங்கென்று வைத்தார். அவருடைய மகன் அன்று உயரம் பாய்தலில் முதலாவது.

“நல்லா இருக்கே கதை! எங்களுக்கா கேட்டுச்சு? மச்சான் வீடு கீழ இருக்குன்னு அந்தாளு கீழ திருப்பிட்டாரு” என்றது மேல் லயம்.

“கீழ திருப்புனா எங்களுக்கு ஏன் கேக்கல? காது அவிஞ்சா போச்சு?”

அந்த நேரம் பார்த்து மாமா கம்பிச் சுருளோடு அந்த வழியாக வந்தார். இரண்டு லயமும் ஒன்றாகச் சேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. வாய் ஓயாத மாமா தலையைக் குனிந்துகொண்டு கம்பிச் சுருளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கீழ் லயத்து அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு புள்ள. நீ அங்கனதானே இருந்த. அது எந்தப் பக்கம் பாத்துச்சு?”

மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. “ரெண்டு லயத்தையும் பாக்கல. ஆஸ்பத்திரியப் பாத்துச்சு” என்றேன்.

சண்டை உச்சத்துக்குப் போகும் என்று காத்திருந்தேன். பீலித் தண்ணீர் நிறைந்த குடத்தின் மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. கீழ் லயத்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாப்ட்டீங்களாண்ணே?” என்று மாமாவிடம் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “என்னா வேடிக்க? தண்ணியப் புடிங்க” என்று சத்தம் போட்டார். போகிற போக்கில் என் கன்னத்தைத் தொடக் கை நீட்டியவர், ஏதோ நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார்.

இவர்களும் மாமாவோடு சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அம்மா கிடந்ததை, பல வருடம் கழித்து, எனக்கு மகள் பிறந்தபோதுதான் அத்தை முழுதாகச் சொன்னார். அதுவும் ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடாத காலம். நான் பிள்ளையோடு தனியாகக் கிடந்து அழுகிறேன் என்று தெரிந்து போன் எடுத்தார். “ஒங்கம்மா கெடந்த கெடை ஒனக்குத் தெரியாது. மூச்சு விட முடியல. சாப்பாட்டத் தொடல. செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாளாம். பொழைக்க மாட்டான்னு நர்ஸம்மா சொல்லி அனுப்புனாங்க. ஒனக்கும் காய்ச்சல் வந்துருச்சு, அத நாங்க மறைக்கிறோம்னு அவளுக்கு ஒரே சந்தேகம். ஒங்க மாமாவ வாசல்கிட்டயே விடல. என்னா சொன்னாலும் நம்பல அவ.”

அந்த ஓட்டத்துக்குப் பிறகு அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாராம். எழுந்தது மாமாவின் குரலைக் கேட்டதனால்தானா, இல்லை காய்ச்சல் இறங்குகிற நாளும் அதுவும் ஒன்றாக வந்ததா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

அன்றைய எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் காம்பராக் கதவு திறந்திருந்ததுதான். இஸ்தோப்பில் வெயிலைப் பார்த்து அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சேலை. வீட்டுச் செருப்பு. கை இரண்டும் குச்சியாக இருந்தன. பக்கத்தில் போனால் டெட்டோல் வாசம். அப்பா இப்போது காணைத் தாண்டி வந்து உள்ளே நின்றார். மாமாவும் நின்றார்.

ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளாமல் நான் தூரத்தில் நின்றே கேட்டேன். “எங்க போயிருந்தீங்க?”

“ஹட்டனுக்கு” என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. “நீ விழுந்தும் எந்திரிச்சு ஓடி மொதலாவதா வந்தியாமே?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. என் காதால கேட்டேன்.”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. என் முட்டியைத்தான் பார்த்தார், விழுந்த காயம் இருக்கிறதா என்று. காயம் இல்லை. ஆனாலும் கையை நீட்டி அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

அதுவரை எதையும் நம்பாத நான், அன்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாமா சொன்னது சரிதான். சத்தம் மலையில் முட்டும். முட்டி, தலவாக்கலையைத் தாண்டி, கொட்டகலையைத் தாண்டிப் போகும். மறுநாள் வகுப்பில், என்னைப் பார்த்துச் சிரித்தவளிடம் போய் அடித்துச் சொன்னேன்: “எங்க மாமா ஸ்பீக்கர் ஹட்டனுக்கே கேக்கும்டி. வேணும்னா எங்கம்மாவக் கேட்டுப் பாரு.”